எஃப் கார்டு தெரிந்த அண்ணன்

ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் "கிட்டார் யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரிடமும் இல்லை, நானாகத்தான்" என்பார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். பேச்சை வளரவிட்டால் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். சுருதி சேர்க்கக் காட்டிக்கொடுத்தது சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். முதல் மூன்று கார்டுகள் ஹாஸ்டலில் பக்கத்து அறை சீனியர் போட்ட பிச்சை. தந்தி அறுந்தபோது மாற்றித் தந்தது ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர். எஃப் கார்டில் விரல் நிற்காமல் தவித்த நாளில் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தது மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த தெருக்கோடி அண்ணன். வகுப்பு, கட்டணம், பாடத்திட்டம் எதுவும் இல்லாததால் அவர் 'நானாக' என்கிறார். கணக்குப் பார்த்தால் பத்துப் பேர் கைகொடுத்திருப்பார்கள்.

அதே கேள்வியை இன்று ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் கேட்டால் "யூடியூப்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வாள். பேச்சை வளர்த்தாலும் வேறு ஆள் வரமாட்டார். நானாகக் கற்றேன் என்று சொல்ல உண்மையான உரிமை அவளுக்குத்தான் உண்டு. வீட்டில் இருந்தபடி கிட்டார் கற்பதில் நாற்பது ஆண்டுகளில் கருவி மாறியது, புத்தகம் மாறியது, காது செய்த வேலை செல்போனுக்குப் போனது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், நடுவில் இருந்த ஆட்கள் போனதுதான். அதில் இழப்பு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பென்சில் நுழையும் இடைவெளி

எழுபது, எண்பதுகளில் நடுத்தரக் குடும்பத்துப் பையன் கைக்கு எட்டிய கிட்டார் பெரும்பாலும் கல்கத்தாவில் செய்து ரயிலேறி வந்தது. சென்னையில் வாங்குவதென்றால் அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் இருந்தது. வெளியூர்க்காரர்கள் சென்னைக்குப் போகிற யாரிடமாவது பணம் கொடுத்து அனுப்புவார்கள், அல்லது மெல்லிசைக் குழுக்காரர் கைவிட்டதை வாங்குவார்கள்.

மலிவுக் கிட்டார் என்றால் தந்தி பலகையிலிருந்து எட்டி நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கு அடியில் பென்சிலே நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்த கருவிகளும் உண்டு. அழுத்தினால் தந்தி கீழே போய்ச் சேருவதற்குள் விரல்நுனியில் பள்ளம் விழும். அழுத்தம் கூடினால் சுருதியும் கூடும். ஃப்ரெட் கம்பிகள் சமமாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் 'ஙொய்' என்று அதிரும். இதெல்லாம் தன் கையின் குறை என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள்; கருவியில் பிழை என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கிட்டார் கிடைத்தால்தானே.

உபகரணங்கள் கைவேலை. பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியை முக்கோணமாக வெட்டித் தேய்த்தால் பிக். பென்சிலைக் குறுக்கே வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கினால், எல்லாத் தந்திகளின் சுருதியையும் ஒன்றாக உயர்த்தும் கேப்போ. நல்ல தந்தி வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது வர வேண்டும்.

இன்று கணினி வெட்டும் மரமும் எந்திரம் பதிக்கும் ஃப்ரெட்டும் மலிவுக் கருவிக்கே வந்துவிட்டன. ஆரம்ப விலைக் கிட்டாரும் ஓரளவு சுருதி சுத்தத்தோடு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. யமஹா எஃப்310 போன்ற ஒன்றில் தொடங்கும் பிள்ளைக்கு அந்தக் காலத்து விரல் வலியில் பாதிகூட இல்லை. அன்றைய மலிவுக் கருவியில் எந்த நல்லதும் இல்லை. 'அதில் பழகினால்தான் கை உறுதியாகும்' என்பது பட்டவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

மூன்று கட்டையைத் தேடி

கிட்டாரின் ஆறாவது தந்தி ஈ. நம் கணக்கில் மூன்று கட்டை. அந்த ஒரு சுரம் கிடைத்துவிட்டால் மற்ற ஐந்தையும் அதிலிருந்தே கூட்டிவிடலாம். ஆறாவது தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் வருவது ஐந்தாவது தந்தியின் வெற்று ஒலி. இப்படியே படிப்படியாக இறங்கலாம். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மட்டும் நான்காம் ஃப்ரெட்.

சொல்ல எளிது. அந்த முதல் சுரத்துக்கு எங்கே போவது? வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் பாக்கியம். பாட்டு கற்கும் அக்காவின் சுருதிப்பெட்டி இருந்தால் அதிலிருந்து கணக்குப் போடலாம். பிட்ச் பைப் வைத்திருந்தவர் ஊருக்கு ஒருவர். அதன்பிறகு காது வேலை செய்ய வேண்டும். ஏறக்குறைய சேர்ந்துவிட்ட இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி சீராக நிற்காது. 'வவ்வவ்வவ்' என்று அலையும். பிருடையை மெல்லத் திருப்பத் திருப்ப அந்த அலை நீளும், சோம்பும், ஒரு கட்டத்தில் நின்றுபோகும். அலை நின்ற இடம்தான் சுருதி. இதைக் கேட்கத் தெரிய சிலருக்கு மாதக்கணக்கில் ஆனது. தெரிந்த பிறகு தப்பான சுருதியைச் சகித்துக்கொண்டு உட்கார முடியாமல் போனதும் உண்மை.

இன்று கிட்டார் டூனா போன்ற செயலியைத் திறந்து தந்தியை மீட்டினால் முள் நகர்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. சரியாகச் சுருதி சேர்ந்த கருவியில் முதல் நாளிலிருந்தே பழகுவது பெரிய வரம். அன்றைக்குப் பலர் ஆறு மாதம் அபசுரத்தில் பழகிவிட்டுத்தான் விஷயம் புரிந்துகொண்டார்கள். ஆனால் செல்போன் சார்ஜ் இறங்கினால் கிட்டாரும் உறையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சுருதி சேர்ப்பது கண்ணின் வேலையாகிவிட்டதால் காதுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

டேப்பைத் தேய்த்தவர்கள்

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையைக் கிட்டார் பக்கம் இழுத்தது மேல்நாட்டு ராக் இசையைவிட இளையராஜாதான். கிளாசிக்கல் கிட்டாருக்கு டிரினிட்டி காலேஜ் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர், இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர் அவர். 1976இல் 'அன்னக்கிளி'க்குப் பிறகு வந்த பாட்டுகளில் அந்தக் கருவிக்குத் தனி இடம் இருந்தது. 'மூடுபனி'யில் (1980) பிரதாப் போத்தன் கிட்டாரை மடியில் வைத்துப் பாடுவதாக வரும் 'என் இனிய பொன் நிலாவே', 'பயணங்கள் முடிவதில்லை'யில் (1982) ஆர். சந்திரசேகர் வாசித்த 'இளைய நிலா' ஆகியவற்றின் கிட்டார் பகுதிகள் வீட்டில் கற்றவர்களுக்குத் தேர்வுத்தாள் மாதிரி. அந்தத் தொடக்கத்தை வாசித்துக் காட்டினால்தான் கூட்டத்தில் மதிப்பு.

ஸ்டூடியோவில் இந்தப் பகுதிகள் நோட்டேஷனாக எழுதப்பட்டே வாசிக்கப்பட்டன. ஆனால் அந்தத் தாள் ஸ்டூடியோ வாசலைத் தாண்டவில்லை. வெளியே வந்தது கேசட் மட்டும். எனவே வீட்டில் இருந்தவர் கேசட்டிலிருந்து தாளை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

முதலில் பேஸைப் பிடிப்பார்கள். பாட்டோடு சேர்ந்து அடித்தொண்டையில் முனகி, அந்தச் சுரம் ஆறாவது அல்லது ஐந்தாவது தந்தியில் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். பேஸ் தெரிந்தால் கார்டின் பெயர் பாதி தெரிந்த மாதிரி. பிறகு மேஜரா மைனரா என்று இரண்டையும் போட்டுப் பார்ப்பார்கள். ரீவைண்ட், ப்ளே, ரீவைண்ட், ப்ளே. இரண்டு வரிக்கு ஒரு மாலை போகும். பேட்டரி இறங்கினால் டேப் தளர்ந்து ஓடும், பாட்டின் சுருதி இறங்கும். நேற்று சேர்ந்த கிட்டார் இன்று சேராது. விஷயம் தெரிந்தவர்கள் டேப்புக்கு ஏற்பக் கிட்டாரின் சுருதியை மாற்றிக்கொள்வார்கள். இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு தந்திரம்: சில பிளேயர்களில் 16 என்று ஒரு வேகம் உண்டு. முப்பத்து மூன்றில் சுழல வேண்டிய தட்டை அதில் ஓடவிட்டால் வேகம் பாதியாகும், பாட்டு சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். எஸ்.பி.பி.யின் குரல் பூதம் போல ஒலிக்கும். ஆனால் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும்.

இப்படிப் பிடித்தது அனைத்தும் சரியாக இருந்ததா என்றால் இல்லை. ஒரே பாட்டுக்குத் தெருவுக்கு ஒரு பாடம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் பாட்டு வரிக்கு மேலே எழுதிய கார்டுகள் கைமாறும்போது பிழையும் சேர்ந்து மாறும். மாலையில் மொட்டை மாடியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் "இங்க டி மைனர் இல்லடா, எஃப்பு" என்று சண்டை வரும். டி மைனருக்கும் எஃப்புக்கும் இரண்டு சுரங்கள் பொது என்பதை இசைக் கோட்பாடாக யாரும் படிக்கவில்லை. சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

2000 வாக்கில் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 1998இல் ரஷ்யாவில் தொடங்கிய அல்டிமேட் கிட்டார் போன்ற தளங்களில், ஆறு கோடு போட்டு எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் டேப்லேச்சர் முறை கிடைத்தது. முறை புதிதல்ல, ஐரோப்பாவில் லூட் வாத்தியத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் எழுதினார்கள். மணிக்கணக்குப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்துக்குக் காசு கொடுத்துப் பிரின்ட் எடுத்து வந்தார்கள். ஆனால் அதில் ஆங்கிலப் பாட்டுத்தான் அதிகம்.

இன்று வேண்டிய பாட்டை யூடியூபில் பாதி வேகத்தில் ஓடவிட்டாலும் சுருதி இறங்குவதில்லை. பூதக் குரலுக்கு வேலை இல்லை. பாடகரை நீக்கிக் கிட்டாரை மட்டும் பிரித்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. பாட்டைக் கொடுத்தால் கார்டுகளைத் திரையில் ஓடவிடும் செயலிகளும் இருக்கின்றன. 'இளைய நிலா'வுக்கே விரல் விரலாகக் காட்டும் பாடங்கள் தமிழில் கிடைக்கின்றன. ஒரு மாலையில் இரண்டு வரி பிடித்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் பாட்டையே பிடித்துவிடலாம். இழந்தது என்ன என்று கேட்டால், அந்த மொட்டை மாடிச் சண்டைதான்.

பஸ் ஏறிப் போய்க் கற்ற கார்டு

ஆள் தேடிப் போவது நம் ஊரின் ஏழ்மையால் மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனில் 1957இல் பெர்ட் வீடன் எழுதிய 'ப்ளே இன் எ டே' என்ற புத்தகம் வந்தது. ஒரே நாளில் வாசிக்கலாம் என்று அட்டையிலேயே ஆசை காட்டியது. ஜார்ஜ் ஹாரிசன், எரிக் கிளாப்டன், பிரையன் மே எல்லாம் வீட்டில் அதைப் புரட்டித்தான் தொடங்கினார்கள். அப்படிப் புத்தகம் இருந்த ஊரிலும் அது போதவில்லை. லிவர்பூலில் பி7 கார்டு தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய்க் கற்றுவந்த கதையை பால் மெக்கார்ட்னி பலமுறை சொல்லியிருக்கிறார். ஈ, ஏ இரண்டும் தெரியும். மூன்றாவது இல்லாமல் பாட்டு முடியாது. பின்னால் பீட்டில்ஸ் ஆனவர்களுக்கே ஒரு கார்டுக்காக ஆள் வேண்டியிருந்தது.

நம் ஊரில் அந்த ஆள் எங்கே இருந்தார்? பரங்கிமலை, பெரம்பூர், திருச்சி பொன்மலை ஆகிய இடங்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இருந்தார். நாகர்கோவில், நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பாடகர் குழுவோடு இருந்தார். திருமண வரவேற்புகளுக்கும் கோயில் கொடைக்கும் போகும் மெல்லிசைக் குழுக்களில் இருந்தார். கச்சேரி நடக்கும்போது மேடையின் பக்கவாட்டில், கிட்டாரிஸ்டின் இடது கை தெரிகிற இடம் பார்த்து நிற்கும் பையன்களை அன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். பாட்டு அவர்கள் காதுக்கு. கண் முழுக்க அந்த விரல்களில். அதைத் தெரிந்துகொண்டு உடம்பைத் திருப்பி வாசித்தவர்களும் உண்டு. தொழில் ரகசியம்.

கதவு யாருக்குத் திறந்தது?

அந்த ஆட்களின் சங்கிலியைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு பேசுகிறோம். அதில் இடம் கிடைத்தவர்களின் ஏக்கம் அது. இரவு பத்து மணிவரை மொட்டை மாடியில் உட்கார வீட்டில் அனுமதி இருந்தவன், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன், சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன், அண்ணனின் சிகரெட்டுக்குக் கடைக்கு ஓடத் தயாராக இருந்தவன்: இவர்களுக்கே அந்தக் கதவு திறந்தது. பெண்களுக்கு வீட்டில் வீணையோ வாய்ப்பாட்டோ கிடைத்திருக்கலாம். மெல்லிசைக் குழு அண்ணனிடம் போய்க் கார்டு கேட்டுவர எத்தனை வீடுகள் விட்டிருக்கும்? அண்ணனே இல்லாத ஊர்கள் எத்தனை?

அந்த நிலையை உடைத்தது மலிவான இணையம். 2003இலேயே ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோ வரிசைப்படுத்திய பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கத் தொடங்கிவிட்டார். 2005இல் யூடியூப் வந்தது. ஆனால் நம் சிற்றூர்களில் ஒரு காணொளி தடங்கலின்றி ஓட 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தில் ரயிலில் கிட்டாரோடு சூர்யாவைப் பார்த்து ஆசைப்பட்டுக் கருவி வாங்கிவிட்டுச் சொல்லித்தர ஆளில்லாமல் சுவரில் மாட்டியவர்கள், அதற்குப் பிறகு எடுத்துத் தூசி தட்டினார்கள். தேனிப் பக்கத்து ஊரில் ஒரு பெண் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் பல்லைக் காட்டாமல், உலகத்தரமான பாடத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படிக்கலாம். 2020 முதல் டிரினிட்டி காலேஜ் வீட்டில் எடுத்த காணொளியை அனுப்பியே கிரேடு தேர்வு எழுதவும் வழி செய்துவிட்டது. இந்த லாபத்துக்கு முன்னால் மொட்டை மாடி ஏக்கத்தைத் தராசில் வைத்தால் தட்டு நம் பக்கம் சாயாது.

முழங்கையைத் தொடும் விரல்

ஆனாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. பாடம் இலவசம், கருவி நல்லது, சுருதி சுத்தம். பிறகும் பெரும்பாலோர் நிற்பதில்லை. 2015இல் ஃபெண்டர் கம்பெனியின் தலைமைக்கு வந்த ஆண்டி மூனி, புதிதாகத் தொடங்குவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் ஆண்டிலேயே கிட்டாரை விட்டுவிடுகிறார்கள் என்று பேட்டிகளில் சொல்லிவந்தார். 2017இல் அவர்களே இணையப் பாடம் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கே விடுகிறார்கள்? பெரும்பாலும் எஃப் கார்டில். ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் ஃப்ரெட்டில் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதே நேரத்தில் தம் இடத்தில் நிற்க வேண்டும். கழுத்தின் முனையில் தந்தியைத் தாங்கும் நட்டுக்குப் பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும். புதியவர் விரலின் சதைப்பகுதியைத் தட்டையாக வைத்துக் கட்டைவிரலால் இடுக்கி மாதிரி நெரிப்பார். இரண்டு தந்தி பேசும், நான்கு 'டப்' என்று ஊமையாகும். காணொளியில் ஆசிரியர் சரியாகத்தான் காட்டுகிறார். செயலியும் ஒலியைக் கேட்டுத் தப்பு என்று சிவப்பு காட்டுகிறது. ஏன் தப்பு என்று அதற்குத் தெரியாது. ஒலி மட்டும்தான் அதன் காதுக்குப் போகிறது, வளைந்த மணிக்கட்டு போகாது.

தெருக்கோடி அண்ணன் இதில் நிறையப் பேசவில்லை. "முழங்கைய உள்ள கொண்டா தம்பி" என்று ஒரு விரலால் முழங்கையை விலாப்பக்கம் தள்ளினார். அப்படித் தள்ளியதும் ஆட்காட்டி விரல் தானாகவே கொஞ்சம் சாய்ந்து, சதையைவிட்டு எலும்பு தெரியும் ஓரத்தில் உட்காரும். நெரிக்க வேண்டாம், தோளின் கனமே தந்தியை இழுக்கும். ஆறில் ஐந்து பேசிவிடும். ஆறாவது மறுநாள் பேசும். விடாமல் தொடர அந்த ஒரு நாள் நம்பிக்கை போதும்.

அன்று தொடர்ந்தவர்கள் உறுதி மிக்கவர்கள் என்பதல்ல. அடுத்த வாரம் அண்ணன் கேட்பார் என்ற வெட்கம், கல்லூரி லைட் மியூசிக் போட்டிக்கு ஆள் வேண்டும் என்ற தேவை, கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் இரண்டு பாட்டு தயாராக வேண்டும் என்ற கெடு: இவை அவர்களை இழுத்துக்கொண்டு போயின. இன்று செல்போன் 'ஐந்து நாள் தொடர்ந்து பழகினீர்கள், சபாஷ்' என்கிறது. ஆறாம் நாள் பழகாவிட்டால் யார் முகமும் சுருங்குவதில்லை.

எனவே இன்று வீட்டில் கிட்டார் எடுப்பவர் பாடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. அது கையிலேயே இருக்கிறது. வாசிப்பதற்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டால் போதும். அதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். நம் வீடுகளில் பாடுகிறவர் ஒருவராவது இருப்பார். நான்கு கார்டு வந்ததும் அம்மாவைப் பாடச் சொல்லி உட்கார வேண்டும். அவர் காணொளிக்காரரின் சுருதியில் பாடமாட்டார். ஐந்தரைக் கட்டையிலோ வாய்க்கு வந்த கட்டையிலோ தொடங்குவார். கேப்போவை எந்த ஃப்ரெட்டில் போட்டால் சேரும் என்று காது தேட வேண்டியிருக்கும். சரணத்தில் இழுப்பார், பல்லவிக்கு அவசரமாகத் திரும்புவார். கை அவர் பின்னால் போக வேண்டும். கார்டு தப்பினால் பாட்டை நிறுத்திவிட்டு "அது இல்லையே" என்பார். எந்தக் கார்டு என்று அவருக்குத் தெரியாது, தப்பு என்று தெரியும். முதல் ஆண்டைத் தாண்ட ஒருவருக்கு அந்த அளவு குரு போதும். மீதியை யூடியூப் பார்த்துக்கொள்ளும்.